கருவியும் கையும்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)



மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். பொன்னையும் நிலத்தையும் பற்றிப் பேச வல்லவர் பலர் உளர். நான் நம் வீட்டுப் பரணிலும் கொட்டகையிலும் கிடக்கும் பழைய தொழிற்கருவிகளைப் பற்றிப் பேச விழைகிறேன். பயன்படாத கருவியை வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா என்னும் கேள்விக்கு நான் ஒருமுறை தவறான விடை கூறினேன். அப்பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் உள்ள ஐயம்பேட்டையில் பல்லாண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றினேன். தறியோசையோடு விடியும் ஊர் அது. என் அண்டை வீட்டில் நெசவாளர் ஒருவர் வாழ்ந்தார். அவர் மறைந்த பின், அவருடைய மகன் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். தறி நின்றது. ஓராண்டு கழிந்ததும் அவ்வம்மையார் என்னிடம் வந்து, "ஐயா, அடுத்த தெருப் பையன் ஒருவன் சொந்தமாகத் தறி போடுகிறானாம். நம் தறியையும் ஜக்கார்டு பெட்டியையும் கேட்கிறான். பாதி விலைதான் தருவானாம். கொடுத்துவிடலாமா?" என்று கேட்டார். நானோ இலக்கியம் படித்தவன், உணர்ச்சிவயப்பட்டேன். "உங்கள் கணவர் கைபட்ட மரம், அம்மா. அதை விலை பேசலாமா? இருக்கட்டும்" என்றேன்.

இருந்தது. மூன்று மழைக்காலங்கள் கழிந்தன. தறிக்குழியில் நீர் ஊறிற்று. படமரத்தைக் கரையான் அரித்தது. அச்சின் பற்களில் துருவேறிற்று. விழுது எலிகளுக்கு இரையாயிற்று. ஜக்கார்டு அட்டைகள் ஈரத்தில் உப்பிக் குலைந்தன. முடிவில் இரும்பு எடைக்கும் மரம் அடுப்புக்கும் சென்றன. அவ்விளைஞனோ வட்டிக்குக் கடன் வாங்கிப் புதுத் தறி போட்டான். என் ஒரு சொல்லால் இரண்டு குடும்பங்கள் இழப்புற்றன. அவ்வம்மையார் இன்றுவரை என்னைக் குறைகூறியதில்லை. அதுவே எனக்குப் பெருஞ்சுமை.

உமாசுவாமிகள் தம் தத்துவார்த்த சூத்திரத்தில் பரிக்கிரகம் என்பதற்குப் பற்று என்றே பொருள் வகுத்தார். பொருளின் அளவைக் காட்டிலும் அதன்மேல் கவிந்த மயக்கமே அவர் நோக்கில் உடைமை. நான் நினைவு என்று பெயர் சூட்டியது அந்த மயக்கத்தைத்தான். விற்க முன்வந்த அம்மையாரிடம் அது இல்லை. அறிவுரை கூறிய என்னிடம் இருந்தது.

ஆயின் எல்லாவற்றையும் விற்றுவிடுவதுதான் அறமோ? அன்று. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் உழவராய் வாழ்ந்த என் தந்தையார், தம் ஏர்க்கருவிகளைத் தாமே செப்பனிட்டுக்கொள்வார். அவர் மறைவுக்குப் பின் நானும் என் தம்பியும் அவருடைய பெட்டியைத் திறந்தோம். ஒவ்வொரு கருவியையும் கையிலெடுத்து மூன்று கேள்விகள் கேட்டோம்.

முதலாவது, இதைப் பிடிக்க நம் வீட்டில் கை உண்டா? ரம்பமும் சுத்தியலும் தம்பிக்கு வேண்டியிருந்தன, வைத்துக்கொண்டான். இரண்டாவது, பிறர் கைக்கு இது இன்று உதவுமா? இழைப்புளியையும் உளிகளையும் அவ்வூரில் புதிதாகத் தச்சு வேலை தொடங்கிய இளைஞருக்கு அவர் தரக்கூடிய விலைக்குக் கொடுத்தோம். பழைய இரும்புக் கடையில் அதைவிடக் குறைவாகவே கிடைத்திருக்கும். கருவியும் கருவியாக இருந்திராது.

மூன்றாவது கேள்வி நம் சமயம் கற்பித்தது: இது யார் கையில் என்ன செய்யும்? சமந்தபத்திரர் இரத்தின கரண்டகச் சிராவகாசாரத்தில் அநர்த்த தண்ட விரதத்தை விளக்குமிடத்து, கொலைக்கு ஏதுவாகும் கருவிகளைப் பிறர்க்கு அளித்தலைக் குற்றமாகக் கூறுகிறார். கோடரியும் மண்வெட்டியும்கூட அப்பட்டியலில் உண்டு. எங்கள் கொட்டகையில் பூச்சிமருந்து தெளிக்கும் கருவி ஒன்று இருந்தது. நல்ல விலைக்குக் கேட்டார்கள். விற்கவில்லை, கழற்றி உலோகமாகப் போட்டோம். அதனை முன்பு நாங்களே பயன்படுத்தினோம் என்பதையும் மறைக்கவில்லை.

அப்படியாயின் பட்டு நெய்யும் தறியை விற்கச் சொல்லலாமா என்று நீங்கள் வினவக்கூடும். கூட்டுப்புழுவின் உயிரிழப்பை எண்ணிப் பட்டை விலக்குவோர் நம்முள் உளர், அது போற்றத்தக்கது. ஆயினும் தறி உயிரைக் கொல்லும் கருவியன்று. அச்சையும் விழுதையும் மாற்றினால் அதே மரம் பருத்தியும் நெய்யும். அம்மையாருக்கு அவர் தொழிலறம் இருந்தது. அதில் குறுக்கிட எனக்கு நியாயமில்லை.

தந்தையாரின் முழக்கோலை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். அவரே செதுக்கியது; கடையில் கிடைக்காதது; சுவரோரம் சாய்ந்து நிற்பது. நினைவுக்கு அவ்வளவு இடம் போதும். ஒரு தறியின் இடம் வேண்டுவதில்லை.

பெரியோர்களே, அடுத்த விழாவுக்குள் உங்கள் வீட்டுப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். துருவேறும் முன் கொடுத்தால் அது கருவி. துருவேறிய பின் கொடுத்தால் வெறும் எடை. அக்கம்பக்கத்தில் தொழில் தொடங்கும் பிள்ளை யார் என்று விசாரித்துவிட்டு விலை பேசுங்கள். என்னைப்போல் அழகாகப் பேசித் தடுப்பவர் எவரேனும் வந்தால், அவர் சொல்லைக் கேளாதீர்கள்.

அறம் வளர்க.