நங்கூரத்தின் அளவும் எல்லையும்

(தமிழ் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தமிழாசிரியன் மேடையேறினால் இலக்கியம் பேசுவான். அன்றேல் இலக்கணம் பேசுவான். நான் இன்று பேச எடுத்துக்கொண்டதோ கப்பலின் நங்கூரம். புலவனுக்கும் பொறிக்கும் என்ன உறவு என்று வினவுவீர்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கடற்கலங்களில் பணியாற்றுகின்றனர். அவர்கள் உயிர் ஓர் இரும்புத் தொடரியின் முனையில் நிற்கும் வேளைகள் உண்டு. அத்தொடரி எவ்வளவு தாங்கும், எப்பொழுது தாங்காது என்பதை அறிந்தவன் பிழைப்பான்; அறியாதவன் அதை நம்பிக் கெடுவான். ஆதலின் இப்பொருளைத் தேர்ந்தேன்.

முதலில் சில சொற்கள். சங்கிலி என்று வழங்குவதைத் தொடரி என்பேன். அதன் ஒவ்வொரு வளையமும் கண்ணி. நங்கூரத்தை மேலே இழுக்கும் பொறி நங்கூரப்பொறி. அப்பொறியின் உருளையை இறுகப் பற்றித் தொடரி ஓடாமல் நிறுத்துவது தடை. நங்கூரப்பொறிக்கும் கலத்தின் முகப்புக்கும் இடையே, தொடரியைக் கவ்விக்கொள்ளும் தனி அமைப்பு தொடரிப்பூட்டு. தொடரி கடலுக்கு இறங்கும் வழி முகப்புக்குழாய். எஞ்சிய தொடரி அடங்கிக் கிடக்கும் இடம் தொடரியறை. இவ்வளவு போதும்.

நங்கூரம் தன் எடையால் கப்பலை நிறுத்துகிறது என்பது பலரும் கொண்டுள்ள எண்ணம். அது முழு உண்மையன்று. நங்கூரத்தின் நகங்கள் கடலடி மண்ணில் புதைந்து பிடிக்கின்றன. அப்பிடிப்பு நிலைக்க வேண்டுமானால் இழுப்பு நிலமட்டத்தில் கிடையாக வர வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் நகம் மண்ணைக் கிளறிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆகவேதான் நீரின் ஆழத்தைப் போல ஆறு மடங்கு முதல் பத்து மடங்கு நீளம் வரை தொடரியை விடுகிறார்கள். நீண்ட தொடரியின் ஒரு பகுதி கடலடியில் படிந்து கிடக்கும். எஞ்சியது வளைந்து தொங்கும். காற்று உந்தும்போது அவ்வளைவு நிமிரும். காற்றுத் தணிந்தால் மீண்டும் தொய்யும். அலையின் வெட்டிழுப்பை ஏற்றுத் தணிக்கும் வில்லாக நிற்பது தொடரியின் எடையே.

இனி அளவுக்கு வருவோம். எந்தக் கலத்துக்கு எவ்வளவு பெரிய நங்கூரம்? கப்பல்களின் உறுதியை ஆய்ந்து சான்று வழங்கும் வகைப்பாட்டுக் கழகங்கள் 1968-இல் பன்னாட்டுக் கூட்டமைப்பாக இணைந்தன. அக்கூட்டமைப்பு வகுத்த விதிகளில் ஒரு வாய்பாடு உண்டு. அதனால் கிடைக்கும் எண்ணைக் கருவியெண் என்று சொல்லலாம். அவ்வெண் மூன்று கூறுகளின் கூட்டுத்தொகை.

முதற்கூறு, முழுச் சுமையேற்றிய நிலையில் கலம் ஒதுக்கும் நீரின் எடையை டன்னில் கொண்டு, அதன் முப்படி மூலத்தை இருபடியாக்கினால் வருவது. எடை கலத்தின் கொள்ளளவைக் காட்டும். இவ்வாறு மாற்றினால் அது பரப்பளவுபோல் ஆகிவிடும். நீரோட்டம் உராய்ந்து தள்ளுவது பரப்பைத்தானே! இரண்டாங்கூறு, கலத்தின் அகலத்தையும், நீர்மட்டத்திலிருந்து மேல்தளக் கட்டடத்தின் உச்சி வரையுள்ள உயரத்தையும் பெருக்கி இரட்டித்தது. இது காற்று மோதும் முகப்பு. மூன்றாங்கூறு, நீருக்கு மேலே தெரியும் பக்கவாட்டுப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. முகப்பை இரட்டித்து, பக்கத்தைப் பத்தில் ஒன்றாக்கியது ஏன்? நங்கூரமிட்ட கலம் காற்றை எதிர்நோக்கித் திரும்பி நிற்கும். பக்கவாட்டில் சிறிதளவே ஊசலாடும். புகைக்கூண்டு முதலியவற்றுக்கான நுண்ணிய திருத்தங்களை இங்கு விடுகிறேன்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. 120 மீட்டர் நீளமும் 18 மீட்டர் அகலமும் உள்ள சரக்குக் கலம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அது ஒதுக்கும் நீர் 10,000 டன். அதன் முப்படி மூலம் ஏறத்தாழ 21.5, இருபடியாக்கினால் 464. நீர்மட்டத்திலிருந்து கட்டடத்தின் உச்சி 14.4 மீட்டர் என்க. அதை 18-ஆல் பெருக்கி இரட்டித்தால் 518. பக்கப்பரப்பு 666 சதுர மீட்டர். அதில் பத்தில் ஒன்று 67. மூன்றையும் கூட்டினால் 1049.

விதிநூலின் பட்டியலில் 980-க்கு மேல் 1060 வரையுள்ள கலங்களுக்கு ஒவ்வொன்றும் 3060 கிலோகிராம் எடையுள்ள நங்கூரங்கள் குறிக்கப்பட்டுள்ளன. 980-க்கும் 1060-க்கும் நடு எண் 1020. அதன் மும்மடங்கு 3060! பட்டியலின் பல வரிகளில் இவ்வொழுங்கைக் காணலாம். இரு பக்கத்துக்குமாகத் தொடரியின் நீளம் 495 மீட்டர். 27.5 மீட்டர் ஒரு துண்டாக, பக்கத்துக்கு ஒன்பது துண்டுகள். கண்ணிக் கம்பியின் விட்டம் முதல்தர எஃகானால் 56 மில்லிமீட்டர், இரண்டாந்தரமானால் 50, மூன்றாந்தரமானால் 44. உயர்தர எஃகு மெல்லியதாயினும் அதே வலிமை உடையது. ஆனால் 56 மில்லிமீட்டர்த் தொடரி மீட்டருக்கு ஏறத்தாழ 69 கிலோகிராம் இருக்க, 44 மில்லிமீட்டர்த் தொடரி 42 கிலோகிராமே இருக்கும். எடை குறைந்தால் முன்சொன்ன வில் நெகிழ்ச்சியும் குறையும். ஒன்றில் பெற்றதை மற்றொன்றில் இழக்கிறோம். கலம் வகுப்போன் இதை மறத்தலாகாது.

நம் கலத்துக்கு 50 மில்லிமீட்டர் இரண்டாந்தரத் தொடரியே கொள்வோம். அதை இழுக்கும் நங்கூரப்பொறிக்கும் விதி உண்டு. இத்தரத் தொடரிக்கு, விட்டத்தின் இருபடியைக் கணித்து 42.5-ஆல் பெருக்கினால் வருவது பொறியின் இழுவிசை. டன் கணக்கில் மாற்றினால் ஏறத்தாழ 10.8 டன். இவ்விசையோடு அரைமணி நேரம் இடைவிடாது, நொடிக்கு 0.15 மீட்டர் விரைவில், அதாவது நிமையத்துக்கு 9 மீட்டர் வீதம் இழுக்க வேண்டும். பிடித்துக்கொண்ட நங்கூரத்தைப் பெயர்ப்பதற்காக, அதன் ஒன்றரை மடங்கு விசையை இரண்டு நிமையம் மட்டும் தர வேண்டும். 82.5 மீட்டர் ஆழத்தில் நங்கூரமும் தொடரியும் தொங்கினால் நீரில் அவற்றின் எடை ஏறத்தாழ 6.6 டன். முகப்புக்குழாயில் தேய்ந்து வீணாகும் விசையைச் சேர்த்தால் 9 டன்னைத் தாண்டும். ஆக, பொறிக்குக் கொடுத்த 10.8 டன், தொங்கும் சுமையைத் தூக்கப் போதுமானது, மிகுதி சிறிதே. அதற்கும் ஆழமான இடத்துக்கு வலிமை கூடிய பொறி வேண்டும் என்று விதி தனியே கூறுகிறது.

இப்பொழுது ஓர் உண்மையை உற்று நோக்குங்கள். இத்தொடரி அறுபட ஏறத்தாழ 140 டன் விசை வேண்டும். தொடரிப்பூட்டு உள்ள கலத்தில் தடை அதில் நூற்றுக்கு 45 பங்கு தாங்க வேண்டும்; அது 63 டன். பூட்டோ நூற்றுக்கு 80 பங்கு தாங்க வேண்டும். அது 112 டன். பொறி இழுப்பது 10.8 டன். கடலடியில் நங்கூரம் பிடிப்பது எவ்வளவு? வழக்கமான நங்கூரம் நல்ல மணலில் தன் எடையைப் போல மூன்று முதல் நான்கு மடங்கு பிடிக்கும். மூன்றரை மடங்கு எனக் கொண்டால் 10.7 டன். கடலடியில் கிடக்கும் தொடரியின் உராய்வு சிறிது துணைசெய்யும்.

இவ்வரிசை தற்செயலாக அமைந்ததன்று. விசை மிகும்போது முதலில் நங்கூரம் மண்ணில் நழுவ வேண்டும், தடை அதன்பின், தொடரி இறுதியில். கரையில் கலத்தைக் கட்டும் வடங்களிலும் இதே அறிவுதான். வடம் அறுந்து பின்னடித்தால் தளத்தில் நிற்பவரை வெட்டி வீழ்த்தும். ஆகவே எண்ணெய்க் கலங்களின் வழக்கில், வடம் அறுபடும் விசையில் நூற்றுக்கு 60 பங்கிலேயே சுருட்டுப்பொறியின் தடை நெகிழ்ந்து கொடுக்குமாறு அமைக்கின்றனர். மெலிந்தது எது என்பதை நாமே முன்கூட்டி முடிவு செய்வதுதான் பொறியறிவு.

அன்பர்களே, இனிச் சொல்வதே என் உரையின் உயிர்ப்பகுதி. அவ்வாய்பாட்டுக்கு அடியில் ஓர் எல்லை எழுதப்பட்டுள்ளது. காற்று நொடிக்கு 25 மீட்டர், நீரோட்டம் நொடிக்கு 2.5 மீட்டர், ஒதுக்கமான நீர்நிலை, நன்கு பிடிக்கும் நிலம் என்பவற்றைக் கொண்டே அது வகுக்கப்பட்டது. துறை கிடைக்கும் வரையும், நீர்மட்டம் ஏறும் வரையும் கலம் சிறிது பொழுது காத்திருப்பதற்காகவே இக்கருவிகள். திறந்த கடற்கரைக்கு அப்பால், கொந்தளிக்கும் கடலில், கலத்தை நிறுத்தி வைப்பதற்கு அல்ல. இதை விதிநூலே வெளிப்படையாகச் சொல்கிறது.

நொடிக்கு 25 மீட்டர்க் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 39 கிலோகிராம் அழுத்தும். நம் கலத்தின் முகப்பு 259 சதுர மீட்டர். ஆக 10 டன். நங்கூரம் பிடிப்பதோ ஏறத்தாழ 11 டன். எல்லையில்தான் நிற்கிறோம்! காற்று 35 மீட்டராகட்டும். விரைவு ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. விசையோ இருமடங்காகி 20 டன்னைத் தொடும். நங்கூரம் இழுபடும். அப்பொழுது மீகாமன் நங்கூரத்தை எடுத்துப் புறப்பட எண்ணினால், 10.8 டன் இழுக்கும் பொறி 20 டன்னை எவ்வாறு வெல்லும்? கலத்தின் பெரும்பொறியை முன்னோக்கி இயக்கித் தொடரியைத் தளர்த்தினாலன்றி இயலாது. பேரலையில் அதுவும் அரிது. காலம் தாழ்த்தியவனுக்கு நங்கூரம் காவலன்று, காற்கட்டு.

இன்னுமொன்று. கணக்குச் சுமையேற்றிய கலத்துக்கு. சுமையின்றி 3 மீட்டர் மேலெழுந்து நிற்கும் நம் கலத்தின் பக்கப்பரப்பு 666-லிருந்து 1026 சதுர மீட்டராகிவிடும். காற்றுக்குப் பிடி கூடும். நங்கூரமோ அதே நங்கூரம்.

2007-ஆம் ஆண்டு சூன் 8-ஆம் நாள், ஆத்திரேலியாவின் நியூகாசல் துறைக்கு வெளியே, நிலக்கரி ஏற்ற வந்த ஐம்பதுக்கு மேற்பட்ட கலங்கள் நங்கூரமிட்டுக் காத்திருந்தன. புயல் வந்தது. பல கலங்களின் நங்கூரங்கள் இழுபட்டன. 225 மீட்டர் நீளமுள்ள 'பாசா பல்க்கர்' என்னும் வெறுங்கலம், நங்கூரம் இழுபட்ட பின்னரே அதை எடுத்துப் புறப்பட்டது. கடலை எதிர்த்துச் செல்ல இயலாமல் கரையில் ஏறியது. வேறு இரு கலங்கள் மயிரிழையில் தப்பின. ஆட்கள் அனைவரும் வானூர்தியால் மீட்கப்பட்டனர். சூலை 2-ஆம் நாள்தான் அக்கலம் மீண்டும் மிதந்தது. முன்னரே கடலுக்குச் சென்றுவிட்ட கலங்களுக்கு இவ்வல்லல் இல்லை.

நம் கரையிலும் நிகழ்ந்தது. 2012-ஆம் ஆண்டு அக்டோபர் 31. 'நீலம்' புயல். சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டு நின்ற 'பிரதிபா காவேரி' என்னும் எண்ணெய்க் கலம் நிலைபெயர்ந்து பெசன்ட் நகர்க் கரையில் தரைதட்டியது. கலத்தில் இருந்தோர் 37 பேர். அவருள் 22 பேர் உயிர்காப்புப் படகில் இறங்க, படகு கவிழ்ந்தது, அறுவர் மாண்டனர். கலத்திலேயே இருந்தோர் பின்னர் மீட்கப்பட்டனர். எரிபொருளும் உணவும் அக்கலத்தில் போதிய அளவில் இல்லை என்று அந்நாளில் செய்தி வெளிவந்தது. எரிபொருளற்ற கலத்துக்குப் புறப்படும் உரிமையே இல்லை. நம் கிழக்குக் கரை திறந்த கரை. அங்கே நிற்கும் கலத்துக்கு விதிநூல் கூறும் ஒதுக்கிடம் கிடையாது.

இறுதியாக ஒன்று. தொடரியறையில் தொடரியின் கடைமுனை கலத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறதே, அப்பிணைப்பைத் தொடரியின் வலிமையில் நூற்றுக்கு 15 முதல் 30 பங்கு வரை மட்டுமே தாங்குமாறு அமைக்கச் சொல்கிறது விதி. அன்றியும், அறைக்கு வெளியிலிருந்தே அதை விரைவில் அவிழ்க்க வழி இருக்க வேண்டும். ஏன்? நங்கூரத்தையும் தொடரியையும் கடலிலே விட்டுவிட்டுக் கலத்தையும் ஆளையும் காக்க வேண்டிய நாள் வரும் என்பதை, அதை வகுத்தவன் முன்னரே எண்ணிப் பார்த்தான். இரும்பை மீண்டும் வாங்கலாம்.

கடலுக்குச் செல்லும் உங்கள் மக்களுக்கு இதைச் சொல்லுங்கள்: கலத்தின் கருவியெண்ணைக் கேட்டறிக, அவ்வெண்ணின் எல்லையையும் கேட்டறிக, புயலறிவிப்பு வந்தால், நங்கூரம் இழுபடும் வரை காத்திராமல், பொறி இழுக்க வல்ல பொழுதிலேயே அதை எடுத்துப் புறப்படுக, அதற்கான எரிபொருள் கலத்தில் உண்டா என்று புயலுக்கு முன்னரே வினவுக. ஒரு கருவியின் வலிமையை அறிவது பாதி அறிவு. அது வலியிழக்கும் இடத்தை அறிவதே மற்றைப் பாதி.