இறக்கிவிட ஓர் ஆள்



38 ஆண்டுகளாய் நோயுற்றிருந்த ஒருவரைப் பெத்சதா குளத்தருகே சந்திக்கிறோம் (யோவான் 5). குணம்பெற விருப்பமா என்று இயேசு கேட்கிறார். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தண்ணீர் கலங்கும் நேரத்தில் தம்மை இறக்கிவிட யாருமில்லை என்கிறார். குளம் இருந்தது, ஆள்தான் இல்லை.

இன்று நம் நாட்டிலும் குளத்துக்குக் குறைவில்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே கணக்கில் எடுத்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவை 21 ஆயின. அரசு வேலையில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் உண்டு. பராமரிப்பு உதவித்தொகை, சக்கர நாற்காலி, செயற்கைக் கால், காதுக் கருவி எல்லாம் உண்டு. ஆனால் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 விழுக்காடு குறைபாடு என்ற அரசு மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் வேண்டும். மகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்து மாறி முகாமுக்குப் போகும் தாய்க்கு ஒரு நாள் கூலி போய்விடுகிறது. ஜெராக்ஸ் ஒன்று குறைகிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்றால் இரண்டு நாள் கூலி. பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள்.

மறுவாழ்வுப் பணி என்றதும் நமக்குப் பெரிய இல்லங்களும் அருள்சகோதரிகளுமே நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் செய்வதை நம்மால் செய்ய முடியாது, உண்மைதான். ஆனால் நம் அன்பியங்களில் படிவம் நிரப்பத் தெரிந்த இளையோர் இருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு நாள் துணைக்குத் துறவறம் தேவையில்லையே!

இன்னொன்று. எழுந்தவரை இயேசு வெறுங்கையோடு அனுப்பவில்லை. படுக்கையை அவரையே சுமக்கச் சொன்னார். பிறர் தூக்குவார்களா என்று காத்திருந்தவருக்கு அன்று தூக்க ஒரு சுமை கிடைத்தது. கிறிஸ்துமஸ் தோறும் போர்வையும் அரிசியும் பெறுகிறவரிடம், அன்பியக் கணக்கை எழுத வருகிறீர்களா என்று யாராவது கேட்டதுண்டா? பார்வையற்றவர் பிரெயில் எழுத்தைத் தடவித் திருப்பலியில் முதல் வாசகம் வாசிக்கலாம். பாடற்குழுவுக்குக் கால்கள் எதற்கு?

அதே அதிகாரத்தில், இயேசு அவரை மறுபடி கண்ட இடம் கோவில். நம் கோவில்கள் பலவற்றில் வாசலுக்கு முன் மூன்று படிகள், ஒன்றரை அடி உயரம். ஓர் அடி உயர்வதற்கு 12 அடி நீளம் என்பது சரிவுப் பாதையின் கணக்கு. ஆக, 18 அடி வேண்டும். கெபிப் பக்கம் அந்த இடம் பல பங்குகளில் இருக்கிறது. கைப்பிடியும் வைத்துக் கட்டிவிடலாம். கட்டிய பிறகு அதன்மேல் பூந்தொட்டிகளை வரிசையாக அடுக்காமல் பார்த்துக்கொள்வது பங்குப் பேரவையின் பொறுப்பு.