நம் வழக்கு நமக்குப் புரிய வேண்டாமா?



இங்கிலீஷ் கூடாது என்று சொல்ல நாம் இங்கு வரவில்லை. நம் பிள்ளைகள் தாராளமாகப் படிக்கட்டும். ஆனால், அதைப் படிக்காத குடும்பத்திற்கு நியாயம் புரியாமற் போகலாமா என்பதே நமது கேள்வி.

பொள்ளாச்சிப் பக்கத்துக் குடியானவர் ஒருவருக்கு வரப்புத் தகராறு வந்ததாக வைத்துக் கொள்ளுங்கள். கீழ்க்கோர்ட்டில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழிலேயே இருக்கலாம். ஆட்சிமொழிச் சட்டம் அதற்கு இடங்கொடுக்கிறது. வழக்கு ஹைக்கோர்ட்டுக்குப் போனாலோ, தமிழ்த் தஸ்தாவேஜுகளை இங்கிலீஷாக்க வேண்டும். சுமார் 500 கிலோமீட்டர் கடந்து சென்னைக்குப் போக வேண்டும். அங்கே அவருடைய காட்டையும் கிணற்றையும் பற்றித்தான் பேசுகிறார்கள். அவருக்கு மட்டும் ஒன்றும் விளங்குவதில்லை. கடைசியில் வக்கீல் குமாஸ்தாவிடம், “ஏனுங்க, செயிச்சமா, தோத்தமா?” என்று கேட்கிறார். சொத்து அவருடையது, செலவும் அவருடையது. முடிவு மாத்திரம் பிறர் சொல்லித் தெரிய வேண்டும்! இதில் மானம் எங்கே இருக்கிறது?

தமிழில் சட்டம் பேச முடியாது என்பார்கள். அரசியல் சட்டத்தின் 348-வது பிரிவிலேயே, ஜனாதிபதி சம்மதித்தால் ஹைக்கோர்ட்டு நடவடிக்கைகளில் வேறு மொழியையும் அனுமதிக்கலாம் என்றிருக்கிறது. அவ்விதமே இராஜஸ்தானத்தில் 1950-லும், உத்தரப் பிரதேசத்தில் 1969-லும், மத்தியப் பிரதேசத்தில் 1971-லும், பீகாரில் 1972-லும் இந்திக்கு அனுமதி கிடைத்தது. நம் சட்டசபை 2006-ல் தமிழுக்காகத் தீர்மானம் போட்டது. சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகளோ 2012-ல் கூடி, அதனை ஏற்பதற்கில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். இந்தியில் சட்டம் விளங்குமானால், தமிழில் மாத்திரம் விளங்காமற் போவானேன்? அதே சுப்ரீம் கோர்ட்டு இன்று தன் தீர்ப்புகள் பலவற்றைத் தமிழிலும் மொழிபெயர்த்து வெளியிடுகிறதே!

ஹைக்கோர்ட்டில் தமிழ் வந்தால் நீதிபதிகளுக்கும் வக்கீல்களுக்கும் சிறிது சிரமந்தான். படித்த சிலருக்குச் சிரமம் வரக்கூடாதென்பதற்காகப் படியாத பல பேர் ஊமைகளாய் நிற்பது என்ன நியாயம்?

ஆகவே தோழர்களே! வரம் கேட்பது போல் அல்ல, கடனைக் கேட்பது போல் இதைக் கேளுங்கள். அதுவரையில், புரியாத காகிதம் எதிலும் கையெழுத்தோ கைநாட்டோ வையாதீர்கள். “எனக்குத் தமிழில் சொல்லுங்கள்” என்று நிமிர்ந்து கேட்பதில் வெட்கமில்லை. சொல்ல மறுப்பவருக்குத்தான் வெட்கம்.