மிதியை விட்டும் வேகம் குறையாவிடில்



இன்றைய கார்கள் பலவற்றில் எண்ணெய் மிதியை இயந்திரத்தோடு இணைக்கும் கம்பி இல்லை. மிதியின் அசைவை உணர்கருவி கணினிக்கு அறிவிக்கிறது. அதன் ஆணைப்படி மின்மோட்டார் ஒன்று காற்றுவழித் தகட்டைத் திருப்புகிறது. கரி படிந்தால் தகடு சிக்கிக்கொள்ளக்கூடும்.

ஓட்டத்தில் வேகம் குறையாவிடில், பிரேக்கை உறுதியாக மிதித்து, கியரை நியூட்ரலுக்கு மாற்றி, ஓரமாக நிறுத்திய பின்னரே இயந்திரத்தை அணைப்போம்.

பட்டறையில் பிழைக் குறியைப் படிக்கச் சொல்வோம். பி2111 எனில் தகடு திறந்தபடியும், பி2112 எனில் மூடியபடியும் சிக்கியதென்று பொருள். அது அறிகுறியே, காரணமன்று. பேட்டரி, மின்கம்பி, இணைப்பு, கரி ஆகியவற்றைச் சோதித்த பின்னரே புதிய பாகம் வாங்குவோம். சாவி போட்ட நிலையில் தகட்டருகே விரல் வைக்கலாகாது.

பாடுபட்டுச் சேர்த்த பணத்தையும் பெறற்கரிய உயிரையும் கவனத்தால் காப்போம்.