ஆணியில் தொங்கிய போத்தல்

(எமது சங்க உறுப்பினர்கள் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் சென்றிருந்தபோது, அச்சுவேலியில் நடந்த சந்திப்பில் அவ்வூர் மூத்த தோழர் ஒருவர் ஆற்றிய உரை.)

மலையகத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கும் தோழர்களே, தாய்மாரே, பிள்ளைகளே,

மத்தியானம் ஒரே பானையில் சமைத்ததை ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டோம். அப்போது உங்களில் ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டார்: "ஐயா, யாழ்ப்பாணத்துல சாதி பார்ப்பாங்கன்னு சொன்னாங்க. இங்க அப்படி ஒண்ணும் தெரியலையே?" மேடையில் சொல்கிறேன் அம்மா என்றேன். இல்லை என்றால் பொய். அந்தக் காலம் போலவே இருக்கிறது என்றாலும் பொய். நடந்ததைச் சொல்கிறேன்.

என் அப்பா இந்தச் செம்மண்ணில் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர். விடியுமுன் துலா மிதித்துவிட்டுச் சந்தியில் உள்ள தேத்தண்ணிக் கடைக்குப் போவார். சின்னப் பிள்ளையாக நானும் கூடப் போவேன். கடைக்குள்ளே வாங்கு இருக்கும். அதில் அவர் இருக்க முடியாது. வெளியே தாழ்வாரத்து ஆணியில், கழுத்தில் கயிறு கட்டிய ஒரு போத்தல் தொங்கும். அவரே அதை எடுத்துக் கழுவி நீட்ட வேண்டும். கடைக்காரர் கை படாமல் மேலே இருந்து ஊற்றுவார். குடித்த பிறகு திரும்பக் கழுவி அதே ஆணியில் மாட்ட வேண்டும். காசு மட்டும் எல்லோருடையதும் ஒரே பெட்டிக்குள் விழும்.

"ஏனப்பா எங்களுக்குப் போத்தல்?" என்று கேட்டேன். "அது எங்கட போத்தல் தம்பி" என்றார். அதற்கு மேல் அவரிடம் பதில் இல்லை.

தோழர்களே, தீட்டு என்பதை ஒருவரும் சட்டமாக எழுதி ஒட்டி வைக்கவில்லை. கிணற்றடியில் யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை காத்து நிற்க வேண்டும். கோயிலுக்கு வெளியே நின்று கும்பிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் சில பிள்ளைகள் நிலத்தில் இருக்க வேண்டும். இது ஏன் இவ்வளவு காலம் நின்றது? பக்தியால் மட்டும் அல்ல. கடை வாங்கில் சமமாக இருக்கிறவன் நாளைக்குக் கூலி பேசும்போதும் சமமாக இருப்பான். அந்தப் பயம் காணிக்காரருக்கு இருந்தது. உங்களுக்கு இது புதிதல்ல. கங்காணிமார் காலத்தில் சாதிக்கொரு லயம் என்று பிரித்து வைத்தார்கள். கொழுந்து நிறுக்கும் தராசு எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் லயம் வேறு வேறாக இருந்தால் சங்கம் ஒன்றாவது கடினம்.

இதற்குச் சமூகம் என்ன செய்தது? முதலில் படித்த இளைஞர்கள் எழுந்தார்கள். ஹண்டி பேரின்பநாயகம் முதலானோர் 1924 இல் தொடங்கிய இயக்கம்தான் பிறகு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆனது. தன் மாநாடுகளில் சமபந்திப் போசனம் வைத்தது. அரசாங்க உதவி பெறும் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக இருக்க வேண்டும் என்ற விதி 1929, 1930 காலத்தில் வந்தபோது, அதைப் பொறுக்காதவர்கள் பள்ளிக்கூடங்களுக்கே தீ வைத்தார்கள். பிள்ளை வாங்கில் இருப்பதற்கு அவ்வளவு கோபம்.

பிறகு சட்டம் வந்தது. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், கடையிலும் கிணற்றிலும் பள்ளியிலும் கோயிலிலும் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றம் என்றது. அதற்கு முந்திய வருடமே நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திறந்துவிடப்பட்டிருந்தது. ஆனால் எங்கள் சந்திக் கடையில் போத்தல் ஆணியில்தான் தொங்கியது. சட்டம் கொழும்பில் இருந்தது, ஆணி இங்கே இருந்தது.

அந்த ஆணியைப் பிடுங்கியது மக்கள். 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டது. பொலிஸ் அடித்தது. அடி வாங்கியும் ஊர்வலம் நடந்து போய் முற்றவெளியில் கூட்டம் வைத்தது. முன்னின்றவர்களில் ஒருவர் தொழிற்சங்கத் தலைவர் நா. சண்முகதாசன். அடுத்த வருடம் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. சங்கானையிலும் வேறு ஊர்களிலும் தேத்தண்ணிக் கடைகளுக்குள் போய் இருந்தார்கள். உயிர்களும் போயின.

1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம். தடுக்க நின்றவர்களின் தலைவர் யார் தெரியுமா? சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இருந்தவர். அந்த 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் அவருக்கு எதிராக வழக்கு நடந்தது. குற்றவாளி என்று தீர்ப்பானது. இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை போனார், அங்கும் தோற்றார். படிப்பு வந்தால் இதெல்லாம் தானாகப் போய்விடும் என்று சொல்கிறவர்களுக்கு நான் இந்த வழக்கைத்தான் சொல்வேன். வாசலில் மக்கள் நின்றபடியால்தான் தூங்கிய சட்டமும் எழும்பியது. 1971 இல் அந்தச் சட்டத்தின் தண்டனையையும் கூட்டினார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு நாள் எங்கள் பெடியள் பத்துப் பேர் அப்பாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குள் போய் வாங்கில் இருந்தார்கள். கிளாசில் தேத்தண்ணி வந்தது. அப்பா பிறகு சொன்னார்: "கால் நடுங்கினது தம்பி. தேத்தண்ணி என்ன ருசி எண்டே தெரியேல்லை."

இதோடு நிறுத்தினால் எங்களுக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் உங்களுக்கு முன்னால் நான் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது.

எங்கள் ஆட்களில் சிலர் படித்தார்கள், உத்தியோகம் பார்த்தார்கள், கல்வீடு கட்டினார்கள். 1980களில் என் நெருங்கிய உறவினர் ஒருவர் வீட்டில் மலையகத்துப் பிள்ளை ஒன்று வேலைக்கு நின்றது. பத்து, பதினொரு வயது இருக்கும். அந்தப் பிள்ளைக்குத் தனிக் கோப்பை, தனிக் கிளாஸ், குசினி மூலையில் கவிழ்த்து வைத்திருந்தது. "தோட்டக்காட்டுப் பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நான் அங்கே தேத்தண்ணி குடித்தேன். அந்தக் கிளாசைக் கண்டேன். போத்தலும் ஆணியும் ஞாபகத்துக்கு வந்தன. ஒரு சொல்லும் சொல்லாமல் எழும்பி வந்தேன். போத்தலில் குடித்தவருடைய மகன் நான். அந்தப் பிள்ளை பிறகு எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. இந்தச் சபையில் அந்த வயதுக்காரர் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அடி வாங்கியவன் தனக்குக் கீழே அடிக்க ஒருவனைத் தேடுகிறான். தீட்டு இப்படித்தான் ஆள் மாறி ஆள் மாறி உயிர் வாழ்கிறது. 2018 இல் வரணியில் ஒரு கோயில் தேரை மண் அள்ளும் இயந்திரத்தால் இழுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதி இளைஞர் வடம் பிடிக்கக் கூடாது என்றுதான் இப்படிச் செய்தார்கள் என்று கண்டனம் எழுந்தது. மனிதன் கை வைப்பதைவிட இயந்திரம் இழுப்பது பரவாயில்லை என்று நினைக்கும் அளவுக்குப் போகும் நோய் இது.

நீங்கள் வீட்டுக்குப் போய் யோசியுங்கள். உங்கள் தோட்டத்தில் மரண வீட்டில் தப்பு அடிக்க எந்த லயத்திலிருந்து ஆள் கூப்பிடுகிறீர்கள்? திருவிழாக் கமிட்டியில் யாருக்கு இடம் இல்லை? மகள் பக்கத்து லயத்துப் பையனை விரும்பினால் முதலில் என்ன கேட்கிறீர்கள்? தோட்டத் தலைவரைத் தெரிவு செய்யும்போது வேலையைப் பார்க்கிறீர்களா, வேறொன்றைப் பார்க்கிறீர்களா?

யாராவது சாதி சொல்லித் தடுத்தால், 1957 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். தனியாகப் போகாதீர்கள், சங்கத்தோடு போங்கள். எங்கள் அப்பா கடைக்குள் போனது பத்துப் பேரோடுதான்.

தங்கச்சி, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். போத்தல் போய்விட்டது. ஆணி இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. என் வீட்டில் இருந்தால் நீங்கள் சொல்லுங்கள், உங்கள் வீட்டில் இருந்தால் நான் சொல்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து பிடுங்குவோம்.