205 பேர் தோற்கும் ஆட்டம்

(கணித ஆசிரியர்களுக்கான ஒன்றிய அளவிலான கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘தோல்வியும் வகுப்பறையும்’ என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு சதுரங்கப் போட்டி. அதையே சொல்கிறேன்.

2023 ஆகஸ்ட் மாதம். அஜர்பைஜான் தலைநகர் பாகுவில் உலகக் கோப்பை சதுரங்கப் போட்டி. 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட் சமயத்தில் செஸ் பழகிய எங்கள் பிள்ளைகளுக்கு, 18 வயது பிரக்ஞானந்தா ஆடுகிறார் என்றதும் வேறு பேச்சே இல்லை. நம் நேரப்படி மாலை 4.30க்கு ஆட்டம் தொடங்கும். பள்ளி விட்டு வீட்டுக்கு ஓடி, அப்பா அம்மாவின் கைபேசியைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். மறுநாள் காலை வணக்கக் கூட்டத்துக்கு முன்பே முடிவு எனக்கு வந்துவிடும்.

அது நாக் அவுட் போட்டி. இருவர் மோதினால் ஒருவர் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். முதலில் இரண்டு நீண்ட ஆட்டங்கள். சமனானால் மறுநாள் டை பிரேக். ஆளுக்கு 25 நிமிடம், பிறகு 10, பிறகு 5 என நேரம் குறைந்துகொண்டே வரும்.

இதை வகுப்பில் கணக்காகக் கேட்டேன்: “மொத்தம் 206 பேர். 50 பேர் நேரடியாக இரண்டாம் சுற்றுக்கு வருகிறார்கள். சாம்பியனைக் கண்டுபிடிக்க எத்தனை மோதல் தேவை?” பிள்ளைகள் 78, 64, 32 என்று சுற்றுவாரியாகக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, “205 டீச்சர்” என்றாள். எப்படி என்றேன். “ஒரு மோதலுக்கு ஒருத்தர் வெளியே போறாங்க. ஒருத்தரைத் தவிர எல்லாரும் தோக்கணும்ல?”

விடை சரி என்று டிக் போட்டேன். அவள் சொன்னதன் பொருள் எனக்கு உறைக்க இன்னும் சில நாள் ஆனது.

உலகத் தரவரிசையில் 2, 3ஆம் இடங்களில் இருந்த நகமுராவையும் கருவானாவையும் வென்று பிரக்ஞானந்தா இறுதிக்கு வந்தார். நடுவில் காலிறுதியில் நம் நாட்டின் அர்ஜூன் எரிகைசியோடு மோதல். முதல் ஆட்டம் அர்ஜூனுக்கு, இரண்டாவது பிரக்ஞானந்தாவுக்கு. டை பிரேக்கும் முடிவில்லாமல் நீண்டு, ஒன்பதாவது ஆட்டத்தில் 5–4 என முடிந்தது. மறுநாள் எங்கள் பள்ளியில் ஒரே கொண்டாட்டம். அர்ஜூனைப் பற்றி ஒரு பிள்ளையும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

இறுதியில் எதிராளி கார்ல்சன். இரண்டு ஆட்டங்களும் டிரா. ஆகஸ்ட் 24 அன்று டை பிரேக். பெற்றோரிடம் சொல்லிவிட்டு இருபது பேரை ஹைடெக் லேபில் உட்காரவைத்தேன். திரையோரம், யார் கை ஓங்குகிறது என்று காட்டும் பட்டை. அது ஏறினால் கைதட்டல், இறங்கினால் ‘உச்’. முதல் ஆட்டம் கார்ல்சனுக்கு. இரண்டாவது டிரா. கோப்பை போயிற்று. சில பிள்ளைகள் அழுதார்கள்.

எல்லாரும் கிளம்பிய பிறகு எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மட்டும் நின்றான். அந்த மாதத் தொடக்கத்தில் குறுவட்டப் போட்டிக்கு அழைத்துப்போயிருந்தேன். முதல் சுற்றிலேயே தோற்றவன். அதற்குப் பிறகு பலகைப் பக்கமே வரவில்லை. “டீச்சர், பிரக்ஞானந்தா தோத்துட்டாரு. நாளைக்கும் அவரைப் பத்தி கூட்டத்துல சொல்வீங்களா?” என்றான்.

“ஏன் சொல்லாமல்?” என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போதுதான் நினைவு வந்தது. குறுவட்டத்தில் மூன்றாமிடம் பெற்ற மாணவியின் பெயரைக் கூட்டத்தில் வாசித்தேன். கூட வந்த மற்ற ஐந்து பேரின் பெயரை வாசிக்கவில்லை. பேருந்தில் திரும்பும்போதுகூட இவனிடம், “எப்படித் தோற்றாய்?” என்று நான் கேட்கவில்லை.

அன்று கேட்டேன். பலகையை எடுத்து, காய்களை நினைவிலிருந்தே அடுக்கினான். “இங்க குதிரையை எடுக்க ஆசைப்பட்டேன் டீச்சர். ராணி போச்சு.” நான் பெரிய ஆட்டக்காரி இல்லை. இருந்தாலும் இருவரும் அரை மணி நேரம் வேறு வழிகளைத் தேடினோம். சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தியிருந்தால் போதும் என்று அவனே கண்டுபிடித்தான். மறுநாள் கூட்டத்தில் ஆறு பெயர்களையும் வாசித்தேன். மூன்று வாரம் தாமதம்தான்.

ஆசிரியர்களே, நம் தேர்வுகளிலும் இதுதான் நடக்கிறது. முதல் மதிப்பெண்ணை அறிவிக்கிறோம். மற்ற விடைத்தாள்கள் பைக்குள் போகின்றன. சதுரங்கக்காரர்கள் தோற்ற ஆட்டத்தையும் உட்கார்ந்து அலசுகிறார்கள். அந்த இறுதியில் தோற்றவர்தான் மறு ஆண்டு மே மாதம் நார்வேயில், நீண்ட நேர ஆட்டத்தில் கார்ல்சனை முதன்முறையாக வென்றார்.

இப்போது நான் தாள் கொடுக்கும் நாளில் புதுப்பாடம் எடுப்பதில்லை. ‘எந்த வரியில் வழி தவறியது?’ என்று ஒவ்வொருவரும் தம் தாளில் ஒரு கணக்கையாவது குறித்துக் காட்ட வேண்டும். பாடத்திட்டம் ஒரு பாடவேளை பின்தங்குகிறது, உண்மைதான். ஆனால் தாளை மடித்து ஒளிக்கும் பிள்ளைகள் குறைந்திருக்கிறார்கள்.

அந்த மாணவன் அடுத்த ஆண்டு குறுவட்டத்துக்கு மறுபடி வந்தான். இரண்டாம் சுற்றில் தோற்றான். பேருந்தில் ஏறியதும் அவனே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “டீச்சர், பலகை இருக்கா?” என்றான்.