வேடமும் விளையாட்டும்



நவராத்திரி நாட்களில் நாஞ்சில் நாட்டிலிருந்து குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்குச் செல்பவர்கள் வழியெங்கும் ஒரு விந்தையைக் காண்பார்கள். கரடியும் குரங்கும் காளியும் கூட்டங் கூட்டமாக நடந்து வரும். அனைவரும் நேர்த்திக்கடனாக வேடம் புனைந்தவர்களே. விரதமிருந்து, தசராக் குழுக்களாகச் சேர்ந்து, வீடுதோறும் காணிக்கை பெற்று அம்மன் சந்நிதியில் சேர்ப்பார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் நிகழும் சம்ஹாரத்தில் சூரனும் சிங்கத் தலை, எருமைத் தலை என மாறி மாறி வருவான்.

அந்தக் கரடி வேடத்துக்குள் இருப்பவர் யார்? நேற்றுக் கடையில் நமக்குச் சில்லறை எண்ணித் தந்தவராக இருக்கலாம். வகுப்பில் வாய் திறவாத மாணவராகவும் இருக்கலாம். வேடம் அவரை மறைக்கிறது. அதே வேடம் அவருக்குத் துணிவையும் தோழமையையும் தருகிறது.

இப்போது அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்கே 'ஃபர்ரி' என்னும் அன்பர் குழு ஒன்று உண்டு. மனிதரைப் போலப் பேசும் விலங்குகளைக் கதையிலும் சித்திரத்திலும் நேசிப்பவர்கள் இவர்கள். பஞ்சதந்திரத்து நரிகளோடு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. 1989-இல் கலிபோர்னியாவில் இவர்களது முதல் மாநாடு கூடியது. 2006 முதல் பிட்ஸ்பர்க் நகரில் பெரிய மாநாடொன்று நடந்து வருகிறது. சிலர் மட்டுமே முழு உடை தரிப்பர். அதனுள் வெப்பம் மிகுதி, பார்வை குறைவு. ஆகவே துணையாள் ஒருவர் உடன் நடப்பார். இவர்களை ஏளனம் செய்வோரும் உண்டு.

இவர்கள் விளையாட்டுக் கூடங்களிலும் கூடி மகிழ்வதுண்டு. அங்குள்ள பின்பால் இயந்திரம், சாய்ந்த பலகையில் உருளும் எஃகுக் குண்டைப் பொத்தான்களை அழுத்தித் தட்டிவிடும் விளையாட்டு. உறைக் கைகளைக் கழற்றினால்தான் கரடியும் நரியும் அதை நன்றாக ஆட முடியும்!

அந்த விளையாட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1942-இல் நியூயார்க் நகரம் அதனைச் சூதாட்டம் என்று தடை செய்தது. இயந்திரங்கள் சம்மட்டியால் நொறுக்கப்பட்டன. அன்று குண்டு போகும் போக்கு பெரும்பாலும் அதிர்ஷ்டத்தின் வசமே இருந்தது. ஆனால் 1947-இல் குண்டைத் தட்டும் சிறு துடுப்புகள் வந்தன. அதிர்ஷ்டம் திறமைக்கு வழிவிட்டது. எனினும் தடை நீங்கவில்லை. 1976-இல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகர மன்றத்தார் முன் ஆடி, குண்டு எந்த வழியாகச் செல்லும் என்று முன்கூட்டிச் சொல்லி, அவ்வாறே செலுத்திக் காட்டினார். அதன் பின்னரே தடை அகன்றது. பொருள் மாறி இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்தும் பழைய தீர்ப்பு மாறாதிருந்தது!

நண்பர்களே, இயந்திரத்தை அறியாது பழித்தால் தகரமும் மரமுமே நொறுங்கும். மனிதரை அறியாது பழித்தால் ஓர் உள்ளம் நொறுங்கும். உங்கள் வகுப்பிலும் விந்தையான விருப்பம் கொண்ட ஒருவர் தனித்து அமர்ந்திருக்கக் கூடும். சிரிப்பதற்கு முன் அருகே சென்று, "இதில் உமக்கு என்ன இன்பம்?" என்று கேளுங்கள். வேடத்துக்குள் இருக்கும் மனிதர் அப்போது தாமே முகம் காட்டுவார்.